உப்பைத் தின்ற பெட்டி

கள்ளக்குறிச்சிக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. கிழக்கே நேராகக் கோடு போட்டால்கூடக் கடற்கரை வர 90 கிலோமீட்டர் ஆகும். மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. சுற்றிலும் கரும்பு, மரவள்ளிக் கிழங்கு, நெல். கடல்மீன் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியில் ஏறித்தான் வந்தாக வேண்டும்.

அப்பேர்ப்பட்ட ஊரில், 2024 ஆகஸ்ட் 11-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஒரு காயலான் கடை வாசலில் நின்றுகொண்டு, மீன்பிடிப் படகில் இருந்து கழற்றிய ஜி.பி.எஸ். கருவி ஒன்றுக்குக் கார் பேட்டரியில் இருந்து கரண்ட் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் போனது வேறு வேலையாக. அந்த ஜூன் மாதம் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனது நினைவிருக்கும். அது தொடர்பாகக் கல்வராயன் மலைக்குப் போய், வெள்ளிமலை வரை சுற்றிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். மலையில் பல வளைவுகளில் செல்போனில் ஒரு கட்டம்கூட இல்லை. நாடு 1947-ல் சுதந்திரம் வாங்கியும், 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் இருந்த மலை அது. சில ஊர்களில் எதுவும் சீக்கிரம் காலாவதி ஆவதில்லை. அதை இன்னொரு வாரம் பார்ப்போம்.

கீழே இறங்கி டீ குடித்த இடத்துக்குப் பக்கத்துக் கடையில்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கை அகலம். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த பிளாஸ்டிக், வெற்றிலைக் கறை நிறத்துக்கு மாறியிருந்தது. பட்டன்களில் எழுத்து தேய்ந்து போயிருந்தது. முதுகில் ஆணியால் கீறிய ஒரு படகு நம்பர், பாதி அழிந்து.

"கடலூர்ப் பக்கத்து லோடு சார். சேலம் போவுது" என்றார் கடைக்கார பாய். "நாலு அஞ்சு கிடக்கு. உயிர் இருக்கான்னு பாருங்க. இருந்தா எடுத்துக்குங்க."

ஒன்றுக்கு மட்டும் உயிர் இருந்தது. திரை மங்கலாக எரிந்தது. வெயிலில் வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னேன். கால் மணி நேரம் வானத்தைத் துழாவிவிட்டு இடத்தைச் சொன்னது. வடக்கு 11 டிகிரி 44 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 57 நிமிடம். கள்ளக்குறிச்சிதான். சபாஷ் போட்டுவிட்டுத் தேதியைப் பார்த்தேன்.

26 டிசம்பர் 2004.

அந்தத் தேதி எது என்று கடலோரத்தில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேரைக் கொண்டுபோன நாள். கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். பேய்க்கதை எல்லாம் இல்லை, இதற்குச் சுத்தமான கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் கடல் சாமான் மலையடிவாரத்துக்கு எப்படி வந்தது என்று யோசித்தேன். கல்வராயன் மலையில் பிறக்கிற கோமுகி ஆறும் மணிமுக்தா ஆறும் விருத்தாசலம் பக்கம் இறங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகின்றன. மலைத் தண்ணீர் கீழே போகிறது, கடல் குப்பை மேலே வருகிறது. பண்டமாற்று! காயலான் கடை என்கிற பெயரே காயல்பட்டினத்துக்காரர்கள் பழைய கப்பல் சாமான் வாங்கி விற்றதால் வந்தது என்பார்கள். அப்படிப் பார்த்தால் அந்தப் பெட்டி சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கிறது.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு மெஷின் வாங்கினால் அது உழைக்கப்போகும் வருஷங்களைக் கணக்கிட்டு, வருஷா வருஷம் அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். எங்கள் வாத்தியார் இதில் இரண்டு வகை மரணம் சொல்லுவார். ஒன்று, உழைத்து உழைத்துத் தேய்ந்து சாவது. இன்னொன்று, பொருள் நன்றாகவே இருக்கும். ஊர் உலகம் மாறிப்போனதால் அதற்கு வேலை இல்லாமல் போவது. புத்தகத்தில் இதற்கு 'வழக்கொழிவு' என்று பெயர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததோடு சரி, புரிந்தது அந்தக் காயலான் கடையில்தான்.

வருமான வரி விதிகளில் மரத்தாலான மீன்பிடிப் படகுக்கு வருஷத்துக்கு 20 சதவீதம் தேய்மானம் அனுமதித்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு 60 சதவீதமாக இருந்து, 2017-ல் 40 ஆனது. படகு 20, கம்ப்யூட்டர் 40. மரம் எலெக்ட்ரானிக்ஸை விட நீடிக்கும் என்று வருமான வரிக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது!

கடலில் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகளின் கதை நூறு வருஷத்துச் சாவுக் கணக்கு. 1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது உதவி கேட்டுத் துடித்தது மோர்ஸ் தந்திதான். கட், கட கட. அது 1999 பிப்ரவரி 1-ம் தேதி வரை பெரிய கப்பல்களில் சட்டபூர்வமாக இருந்தது. அன்றோடு அபாய அழைப்புக்குச் செயற்கைக்கோளும் டிஜிட்டல் ரேடியோவும் வந்து உட்கார்ந்துகொண்டன. மோர்ஸ் ஆபரேட்டர் என்றொரு உத்தியோகமே காலி. ஆனாலும் பாருங்கள், ஏறக்குறைய 90 வருஷம் ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு வந்தவற்றில் எதற்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் டெக்கா நேவிகேட்டர் என்று ஒன்று வந்தது. கரையில் சில ரேடியோ நிலையங்கள். அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதைக் கருவி அளக்கும். நீங்கள் கடலில் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். 1944-ல் நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் கரையேறியபோது வழிகாட்டியவற்றில் இதுவும் ஒன்று. இசைத்தட்டு போட்ட அதே டெக்கா கம்பெனி. 1962-ல் பீட்டில்ஸ் குழுவை 'வேண்டாம், போங்கள்' என்று திருப்பி அனுப்பிய புண்ணியவான்கள். பாட்டில் கோட்டைவிட்டவர்கள் கடலில் விவரமாக இருந்தார்கள். கருவியை விற்கவில்லை, வாடகைக்கு மட்டும்தான் விட்டார்கள். மீனவர்கள் மாதா மாதம் வாடகை கட்டினார்கள். அத்தனை வருஷம் கட்டிய வாடகையோடு, 2000 மார்ச் 31 நள்ளிரவில் பிரிட்டனில் அந்த அலைகள் நின்றன. மறுநாள் ஏப்ரல் 1.

அதற்குள் வேறு சில அடக்கங்கள் நடந்து முடிந்திருந்தன. அமெரிக்கக் கடற்படை 1960-களில் ஏவிய டிரான்சிட் செயற்கைக்கோள்கள் 1996 கடைசியில் வழிகாட்டும் வேலையை விட்டன. நார்வேயில் இருந்து ஆஸ்திரேலியா வரை எட்டே நிலையங்களை வைத்து உலகம் முழுக்க வழி சொன்ன ஒமேகா, 1997 செப்டம்பர் 30-ல். லோரான்-சி கொஞ்சம் கெட்டி ஆயுள், அமெரிக்காவில் 2010 பிப்ரவரி 8 வரை தாக்குப்பிடித்தது. நம் நாட்டிலும் லோரான் நிலையங்கள் போட்டார்கள். மேற்கே குஜராத்தில் தாரங்கத்ரா, வேராவல், பிலிமோரா. கிழக்கே பாலசோர், டைமண்ட் ஹார்பர் பக்கம். தமிழ்நாட்டுக் கரையில் போடவில்லை. அந்தச் செலவு நமக்கு மிச்சம்.

இதில் எதுவும் ரிப்பேர் ஆகிச் சாகவில்லை, கவனியுங்கள். கருவி படகில் பளபளவென்று இருந்தது. காலையில் எழுந்து சுவிட்சைப் போட்டால், பேசுவதற்கு எதிரில் ஆள் இல்லை. புருஷன் ஊரை விட்டுப் போன வீட்டில் மனைவி விளக்கேற்றிக் காத்திருக்கிற மாதிரி.

எல்லாவற்றுக்கும் காலன் ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவத்தின் சரக்கு. முதல் செயற்கைக்கோள் போனது 1978-ல். 1983 செப்டம்பர் 1-ம் தேதி கொரிய விமானம் ஒன்று வழி தவறி சோவியத் எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அதிபர் ரீகன், இது தயாரானதும் பொதுமக்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தார். 1989-ல் கையில் பிடிக்கிற முதல் ஜி.பி.எஸ். கருவியை மெகல்லன் கம்பெனி விற்றது. சுமார் 3,000 டாலர். தண்ணீரில் போட்டால் மிதக்கும். யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று இதிலிருந்தே தெரியும். படகுக்காரர்களைத்தான். ஆனாலும் ராணுவம் வேண்டுமென்றே சிக்னலில் ஒரு கலப்படம் செய்துவைத்திருந்தது. 100 மீட்டர் வரை தப்பு காட்டும். 2000 மே மாதம் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை எடுத்தார். ஒரே ராத்திரியில் எல்லாப் பெட்டிகளுக்கும் பார்வை தெளிந்தது.

நம்ம ஊர் விசைப்படகுகளில் ஜி.பி.எஸ். பரவலானதும் ஏறத்தாழ அந்தக் காலகட்டத்தில்தான். அதோடு எக்கோ சவுண்டர். கடலுக்கு அடியில் ஒலியை அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து ஆழத்தையும் மீன் கூட்டத்தையும் காட்டுகிற கருவி. ஜப்பானில் நாகசாகி பக்கம் படகுகளுக்கு மின்சார வேலை செய்துகொண்டிருந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் வி.எச்.எஃப். வயர்லெஸ், கடற்கரையில் எல்லோரும் 'வாக்கி டாக்கி' என்று சொல்லுவது. ஆக மூன்று பெட்டி, நாலு பெட்டி. எல்லாம் கடனுக்கு. கடன் அடையும் முன்னால் பெட்டி அடைந்துவிடும் என்பதுதான் கடலோரத்துக் கணக்கு.

ஏன் அடைகிறது? பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே முடசல் ஓடையில் ஒரு பெரியவரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் ஒரு வார்த்தை. "உப்பு."

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். பெட்டி அந்த உப்பைத் தண்ணீரோடே சேர்த்துக் குடிக்கிறது. கடல் காற்றில் வருகிற உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் கரண்டைக் கடத்தும். ஒயரும் பெட்டியும் சேருகிற இடத்தில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைக் களிம்பாக மாறும். வெளிநாட்டுப் படகுகளில் ஈயம் பூசிய செம்புக் கம்பி போடுவார்கள். இங்கே வீட்டுக்குப் போடுகிற ஒயரையே இழுத்துவிடுகிறோம், விலை குறைவு என்பதால். தண்ணீர் புகாது என்று அட்டையில் ஐ.பி.67 என்று போட்டிருப்பான். அதற்கு அர்த்தம், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் தாங்கும் என்பது. அதுவும் ஆய்வகத்துத் தண்ணீர். வங்காள விரிகுடா என்று எங்கேயும் போட்டிருக்கவில்லை!

அப்புறம் வெயில். திரை கறுத்துப்போகும், ரப்பர் பட்டன் வெடிக்கும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பேட்டரியின் வோல்டேஜ் படீரென்று இறங்கி ஏறும். ஒவ்வொரு தடவையும் பெட்டிக்கு ஒரு சின்ன மாரடைப்பு. அலைச்சல் படாமல் இருக்கப் பாலித்தீன் கவர் போட்டு ரப்பர் பேண்டால் கட்டிவைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பகல் சூட்டில் கவருக்குள் வியர்த்து, ராத்திரி அதே வியர்வை பெட்டிக்குள் இறங்கும்.

"ரிப்பேருக்குக் குடுத்தா, பிரஷ்ல தின்னர் போட்டுத் தேய்ச்சுக் குடுப்பான். ரெண்டு மாசம் ஓடும். மறுபடி போனா, 'பெரியவரே, இதுக்கு இப்ப சாமான் வர்றதில்ல, புதுசு வாங்கிடுங்க'ம்பான்" என்றார் பெரியவர்.

இதுதான் வாத்தியார் சொன்ன இரண்டாவது மரணம், முதலாவதோடு கைகோத்து வருவது. கம்பெனி புது மாடல் போட்டுவிட்டால் பழைய மாடலின் உதிரி பாகம் கொஞ்ச வருஷத்தில் நின்றுபோகும். கடல் வரைபட அட்டையும் அப்படித்தான், புதுப் பெட்டியில் பழைய அட்டை நுழையாது. இதே அனுபவம் எனக்கும் உண்டு. ஆசையாக வாங்கிய ஒரு கேமராவின் பேட்டரி, நாலாவது வருஷம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எனக்குப் போனது கேமரா. நடுக்கடலில் இருக்கிறவனுக்கு?

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது. பெட்டி செத்தால் பெட்டி மட்டும் போவதில்லை. 'பாயிண்ட்' போய்விடும்.

கடலுக்கு அடியில் பாறைத் திட்டுகள் இருக்கும். 'பார்' என்பார்கள். மீன் அங்கேதான் அடையும். எங்கே பார் இருக்கிறது என்பது குடும்பச் சொத்து. ஜி.பி.எஸ். வருவதற்கு முன்னால் கரையில் தெரிகிற கோபுரம், பனைமரக் கூட்டம், மலை என்று இரண்டு மூன்றைக் கோத்துப் பார்த்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருவார்கள். கண்ணும் ஞாபகமும்தான் கருவி. ஆங்கிலேயர்களின் பழைய கடல்வழிக் குறிப்புகளில்கூட இந்தப் பகுதிக்கு அடையாளம் சிதம்பரம் கோயிலின் நாலு கோபுரங்கள். அவற்றுக்கு உதிரி பாகம் தேவைப்படவில்லை.

ஜி.பி.எஸ். வந்தபிறகு பட்டனை அமுக்கினால் போதும், பார் இருக்கிற இடம் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்பா மகனுக்குக் கையைப் பிடித்துக் காட்டியதெல்லாம் போய், பெட்டியையே கொடுத்தார். வேலை சுலபமாச்சு. ஆனால் பெட்டி அணைந்த அன்று, முப்பது வருஷ அனுபவமும் அதோடு அணைந்துவிடும். மெக்கானிக்கிடம் கொடுத்தால் பாயிண்டை எல்லாம் நகல் எடுத்து வேறு ஆளுக்கு விற்றுவிடுவானோ என்று ஒரு சந்தேகம் வேறு. நடுக்கடலில் கொள்ளையர்கள் படகில் ஏறி மீனோடு ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கியையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று நாகப்பட்டினம் பக்கத்துச் செய்திகளைப் படித்திருப்பீர்கள். பெட்டியின் விலையோடு நிற்கிற நஷ்டம் இல்லை அது.

"அதான் நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்" என்று ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து, தூரத்தில் இருந்தே காட்டினார். கிட்டே தரவில்லை.

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்குள் ஒரு கருங்கல் தூண் இருக்கிறது. 1792-ல் கட்டிய மதராஸ் வானாய்வுக்கூடத்தின் மிச்சம். வானியல், புவியியல், கடற்பயணம் ஆகிய மூன்றையும் வளர்ப்பதற்கென்று கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. நட்சத்திரம் நடு உச்சியைக் கடக்கிற நேரத்தைப் பார்க்கும் தொலைநோக்கி அந்தத் தூணின் மேல்தான் இருந்தது. ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரியட்டும் என்று தூணில் கல்வெட்டு வேறு வெட்டினார்கள், தமிழிலும் உண்டு. 1899-ல் வானாய்வு வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தொலைநோக்கி போய்விட்டது. தூண் நிற்கிறது. அதே காலத்துக் கடல் கடிகாரக் கதையும் இப்படித்தான். கப்பலில் நேரம் பார்ப்பதற்காக ஜான் ஹாரிசன் 1735-ல் செய்து முடித்த முதல் கடிகாரம் லண்டன் பக்கம் கிரீனிச்சில் இன்றும் டிக் டிக் என்று ஓடுகிறது. சாவி கொடுத்தால் போதும்.

சரி, 26 டிசம்பர் 2004-க்கு வருவோம்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தேதியை நாள், மாதம், வருஷம் என்று சொல்வதில்லை. 1980 ஜனவரி 6-ல் இருந்து இது எத்தனையாவது வாரம் என்று மட்டும் சொல்லும். அந்த வார எண்ணுக்கு ஆரம்பத்தில் பத்து இடம்தான் ஒதுக்கினார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் பத்து இடம் என்றால் 0 முதல் 1023 வரை. 1024 வாரம் முடிந்தால், பழைய கார் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்யம். 1024 வாரம் என்பது 19 வருஷமும் சொச்சமும். 1970-களில் இதை வடிவமைத்தவர்களுக்கு அது நீண்ட காலமாகத் தெரிந்திருக்கும். இந்தக் கருவி அதுவரை எங்கே இருக்கப்போகிறது!

முதல் சுற்று 1999 ஆகஸ்டில் முடிந்தது. இரண்டாவது 2019 ஏப்ரல் 6-ம் தேதி ராத்திரி. புதுக் கருவிகள் சமாளித்துக்கொண்டன. பழசுகள் சில விழித்தன. நியூயார்க் நகராட்சியின் வயர்லெஸ் நெட்வொர்க்கே பல நாள் படுத்துக்கொண்டது. காயலான் கடைப் பெட்டிக்கு இப்படி ஒரு சுற்று முடிந்தது தெரியாது. அது இன்னும் முந்தின சுற்றில் வாழ்கிறது. 2024 ஆகஸ்ட் 11-ல் இருந்து 1024 வாரம், அதாவது 7,168 நாள் பின்னால் போய்ப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 வரும். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. வாரக் கணக்கு என்பதால் கிழமை மட்டும் தப்பாது. நான் ஒரு நாள் முந்திப் போயிருந்தால் அது 25 என்று காட்டியிருக்கும், நானும் ஏதோ கோளாறு என்று போட்டுவிட்டு வந்திருப்பேன்.

இடம் சரியாகத்தான் காட்டியது, தேதிதானே தப்பு என்று நீங்கள் கேட்கலாம். வழி தெரிய அது போதும். புயல் வந்தால்?

2017 நவம்பர் 29, 30. ஒக்கி. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் பேர்போனவர்கள். ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் கடலில் தங்குவார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது பல படகுகள் கரையில் இருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தன. ஒவ்வொரு படகிலும் ஜி.பி.எஸ். இருந்தது, வாக்கி டாக்கி இருந்தது. வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில்தான் போகும். பூமியின் வளைவு மறைத்துவிடும். கரையில் இருந்து இருபது, முப்பது கடல் மைலுக்கு மேல் குரல் போய்ச் சேராது. தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று மீட்டர் சுத்தமாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புயல் வருகிறது என்பது தெரியவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலும் சேர்த்து நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை.

வெளிநாட்டு சாட்டிலைட் போன் வைத்துக்கொள்ளலாமே என்றால், துராயா, இரிடியம் போன்றவற்றை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் இந்தியாவில் ஜெயில். பாதுகாப்புக் காரணம். அப்படியே ஒருவர் துராயா வைத்திருந்தார் என்று வையுங்கள், ஆசியாவின் கிழக்குப் பக்கத்துக்குச் சேவை கொடுத்துக்கொண்டிருந்த அதன் துராயா-3 செயற்கைக்கோள் 2024 ஏப்ரலில் பழுதாகி, சேவையே நின்றுபோனது.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வரிசைகட்டி வந்தன. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் வழியாகச் செய்தி வாங்கும் பெட்டி. 2019 அக்டோபரில் ககன் வழியாக எச்சரிக்கை தரும் ஜெமினி. இரண்டுமே ஒரு வழிப்பாதை. கரை பேசும், படகு கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பிப் பேச முடியாது. ஆபத்தில் பட்டனை அமுக்கினால் பெங்களூருக்குச் செய்தி போகிற அபாய அறிவிப்புக் கருவி 2010-ல் இருந்தே இருக்கிறது. 20,000-க்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். அதில் குறை, அமுக்கினவனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. கவிழ்ந்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டு, அமுக்கிவிட்டு, வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். 2024 ஜனவரியில் வந்த இரண்டாவது தலைமுறைக் கருவிதான் 'கேட்டுவிட்டது, ஆள் வருகிறது' என்று பதில் சொல்கிறது. பதில் வருவதற்கு 14 வருஷம்.

வானத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? நாவிக் வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013-ல் போனது. நேரம் பார்க்க அதில் மூன்று அணுக் கடிகாரங்கள். ஒன்று போனால் இன்னொன்று என்று. மூன்று வருஷத்தில் மூன்றும் அவுட். அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது, வெப்பக் கவசம் திறக்காமல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ஹாரிசனின் கடிகாரத்தை இங்கே நினைத்துக்கொள்வது அநியாயம்தான், ஆனாலும் நினைப்பு வருகிறது.

இப்போது ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம். செலவு 364 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 30-ல் பிரதமர் தொடங்கிவைத்தார். இதில் படகும் பேசலாம், கரையும் பேசலாம். மீனவருக்குச் செலவில்லை. நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. பி.காம். புத்தி சும்மா இருக்காதே, வேறு ஒரு தேதியைத் தேடிப் பார்த்தேன். இந்தக் கருவி பேசுவதற்கு நம்பியிருக்கிற ஜிசாட்-6, 2015 ஆகஸ்டில் ஏவப்பட்டது. 9 வருஷம் உழைக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். 2015-ஓடு 9-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள்கள் சொன்ன தேதிக்கு மேலும் உழைப்பது உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூடத் துணைக்கு என்று 2018 மார்ச்சில் அனுப்பிய ஜிசாட்-6ஏ, மூன்றே நாளில் தொடர்பு அறுந்து காணாமல் போனது.

ஒரு லட்சம் பெட்டிகளையும் யார் உப்புத் தட்டிச் சுத்தம் செய்வார்கள், எந்த மெக்கானிக், எந்த ஊரில், சாமான் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும் என்று எந்த அறிவிப்பிலும் என் கண்ணில் படவில்லை.

காயலான் கடைப் பெட்டியை 100 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டேன். எடைக்குப் போட்டிருந்தால் அதில் கால்வாசிகூடத் தேறியிருக்காது. பாய் ஒயரையும் சேர்த்துக் கொடுத்தார். வீட்டில் வைத்து பட்டன்களைக் குடைந்துகொண்டிருந்தபோது, ஒரு பட்டியல் வந்தது. 37 பாயிண்ட். சிலவற்றுக்கு நம்பர் மட்டும். சிலவற்றுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர். 'பெரிய பார்', 'மாமா பார்', 'வலை கிழிஞ்சது'.

அத்தனையையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு முடசல் ஓடைக்குப் போனேன். பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக விரல் வைத்துப் படித்தார். இரண்டு மூன்று இடத்தில் விரல் நின்றது. பிறகு தாளை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"மூணு பார் நமக்குத் தெரிஞ்சது தம்பி. மத்ததெல்லாம் வேற யாரோடதோ. நமக்கு எதுக்கு?"